பெம்பர்ட்டன் துரைசானியின் முழங்கைத் தடம்

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என் வளையல் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் கைகட்டி நிற்கிற என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான், காபித் தட்டை ஏந்திக்கொண்டு கதவோரம் நிற்கிறேன், தட்டை எங்கே வைப்பது என்று விளங்காமல், ஏனென்றால் இந்த வீட்டில் பதினோரு மேசை இருக்கிறது, ஒன்றின்மேலும் எதையும் வைக்கக்கூடாது. ஏழு டிரஸ்ஸிங் டேபிள், நாலு எழுதுமேசை, அத்தனையும் வெள்ளைக்காரன் விட்டுப்போனது, மகாகனி, வால்நட், பித்தளைக் கைப்பிடி, தோல் ஒட்டிய மேல்பலகை, ஒரு தம்ளர் வைக்க இடம் கிடையாது. கீழ்ப்பாக்கத்தில் இவ்வளவு பெரிய வீடு, என் சாமான் வைக்க சமையலறை மேடை மட்டும். அந்தப் பெண்ணுக்கு மிருதுளா என்று பேர். மலைமேல் ஏதோ பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றுகிறார்களாம், ஒவ்வொரு அறைக்கும் ஒரு துரைசானி பேர் வைப்பார்களாம், அந்தத் துரைசானி புழங்கிய சாமான் என்று அட்டை எழுதி மாட்டுவார்களாம், அதற்குப் பொறுக்க வந்திருக்கிறாள். காலையிலிருந்து நாலு எழுதுமேசையும் பார்த்தாயிற்று, ரெண்டை எடுத்துக்கொண்டாள். இப்போது கடைசியாக இது, மூன்று கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிள். இது போனால் இன்றைக்கே போகும். வாசலில் லாரி நிற்கிறது, நாலு ஆள் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தி பீடி பிடிக்கிறார்கள். இவள் தாளில் ஒரு டிக் போட வேண்டியதுதான். நான் வாயைத் திறந்தால் போகாது. திறப்பேனா, மாட்டேனா. காபி ஆறுகிறது.

அவர் ஆரம்பித்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, கோயிலில் பேசுகிற மாதிரி. "ஆக்னஸ் பெம்பர்ட்டன், மேடம். கோத்தகிரி. பத்தொன்பது வயசுல கப்பலேறி வந்தவங்க." எத்தனை தடவை கேட்டிருப்பேன், அடேயப்பா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். துரைக்குத் தேயிலைத் தோட்டம், எப்போதும் வேட்டை, கிளப், குதிரை. துரைசானிக்குப் பேச ஆள் கிடையாது. மத்தியானமெல்லாம் இந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முழங்கையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பாளாம். இதோ பாருங்க மேடம், ரெண்டு முழங்கை ஊன்றிய இடத்தில் பாலிஷ் மங்கியிருக்கு, இது ஒரு நாளில் வருகிறது இல்லை, வருஷக்கணக்காகக் காத்திருந்து வந்தது. இதோ பிறை பிறையாகக் கீறல், காப்பு உரசி வந்தது, வெள்ளிக் காப்பாக இருக்கணும். இந்த வட்டம் பவுடர் டப்பா வைத்த தடம். டிராயருக்குள் சிவப்புக் கறை, அந்தக் காலத்துக் கன்னச் சாயம். மிருதுளா "ஓ" என்கிறாள். செல்போனில் படம் எடுக்கிறாள். அம்மாடி, நீ எடுக்கிறது என் காபித் தம்ளர். அந்த வட்டம் எவர்சில்வர் தம்ளர் சூட்டில் விழுந்தது, நான் கீழே துணி போட மறந்த ஒரு வெள்ளிக்கிழமை, அதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், விபூதி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கன்னச் சாயமாம். காஞ்சிபுரத்திலிருந்து என் அத்தை வாங்கிவந்த குங்குமம், டப்பி மூடி கழன்று கொட்டியது. வெள்ளிக் காப்பாம். ஒரு டஜன் கண்ணாடி வளையல், பச்சை, அப்புறம் ரெண்டு ஜோடி தங்கம், அதுவும் என் அப்பா போட்டது.

இதை யாராவது நம்புவார்களா. இவர் நம்பினார், அதுதான் ஆச்சரியம். ஏகாம்பரம் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியில் பேர்பெற்ற சர்வேயர், எரிந்துபோன கிடங்கில் சாம்பலைக் கிளறி இது பஞ்சு, இது பழைய சாக்கு என்று பிரித்துச் சொல்லுகிற மனுஷன், இவரை ஏமாற்ற ஒரு மில்காரனாலும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஆணியைப் பார்ப்பார், இது மெஷின் ஆணி, ஏமாத்துறான் என்று எழுந்து வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் பெண்டாட்டி வளையலைக் கண்டுபிடிக்கவில்லை. ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால் பெண்டாட்டி அந்த மேசை முன்னால் உட்காருவாள் என்று அவர் மூளையில் தோன்றவே தோன்றாது. தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று, அப்புறம் என்ன. சாமான் புழங்கினால் மதிப்புப் போய்விடும். கல்யாணமாகி வந்த புதிதில் முதல் டிரஸ்ஸிங் டேபிள் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்துமூன்று வயசு, எனக்காக வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், பூ வைத்துக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன், முட்டாள், முட்டாள். எழுந்திரு என்றார். கோபமாகக்கூட இல்லை. நாய்க்குட்டியைச் சோபாவிலிருந்து இறக்குகிற மாதிரி. பழைய வேட்டியை எடுத்து மேசைமேல் போர்த்தினார். அன்றிலிருந்து நான் தலை வாரிக்கொண்டது ஸ்டீல் பீரோ கண்ணாடியில், அதில் பாதி என் மகள் ஒட்டிய ஸ்டிக்கர், குனிந்து பார்த்தால் நெற்றி தெரியும், நிமிர்ந்தால் கழுத்து தெரியும். ஏழு டிரஸ்ஸிங் டேபிள் இருக்கிற வீட்டில். என் மகள் தமயந்தி மட்டும் என்ன, நாலு எழுதுமேசை இருக்கிற வீட்டில் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை. அவள் கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனாள், முதல் சம்பளத்தில் மடக்குகிற பிளாஸ்டிக் மேசை ஒன்று வாங்கி அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள், கீழே ஒன்றும் எழுதவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டு அழுதேன். அவரிடம் காட்டினேன், இதெல்லாம் ஆறு மாசத்தில் கால் உடையும் என்றார்.

ஆனால் இந்த மேசை வேறு. தொண்ணூற்றுமூன்றில் வந்தது. கோத்தகிரியில் யாரோ பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று ரெண்டு நாள் லீவு போட்டுப் போய்ப் பிடித்துவந்தார். மேலே துணியைப் போர்த்துவதற்குள் நான் ஒரு கணம் பார்த்துவிட்டேன். நடுவில் ஒரு கண்ணாடி, ரெண்டு பக்கமும் மடங்குகிற சின்னக் கண்ணாடி, அதில் நான் மூன்று பேராக நின்றேன். அதற்கு முன்னால் என் பக்கவாட்டு முகத்தை நான் பார்த்ததே கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள். முப்பது வயசு வரைக்கும் என் மூக்கு பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒரு மத்தியானம், அவர் ஆபீஸ் போனபின், தமயந்தி ஸ்கூல் போனபின், பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்துக்கொண்டு போய் வேட்டியை விலக்கி உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யவில்லை. பவுடர் போடவில்லை, பொட்டு மாற்றவில்லை. முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். என் அம்மாவின் மூக்கு எனக்கு. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். இதெல்லாம் என்னோடு இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ரெண்டு மணியிலிருந்து நாலேகால் வரை. நாலேகாலுக்கு ஸ்கூல் வேன் சத்தம் கேட்கும், துணியைப் போர்த்திவிட்டு எழுந்துவிடுவேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். பத்தொன்பது வருஷம் போனேன், அவர் ரிட்டயர் ஆகி வீட்டோடு உட்காருகிற வரைக்கும். வாரப் பத்திரிகை படிப்பேன், வெங்காயப் பக்கோடா தின்பேன், டிராயருக்குள் தூள் விழும், ஊதித் தள்ளுவேன். ரெண்டாவது குழந்தை நாலாம் மாசம் கலைந்துபோனபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அங்கேதான் போய் உட்கார்ந்தேன், மூன்று கண்ணாடியிலும் மூன்று பேர் அழுதார்கள், தனியாக அழுகிற மாதிரியே இல்லை. அப்போது வளையலை ஒரே இடத்தில் இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறேன் போல. அந்தக் கீறல்தான் ஆழம். மிருதுளா விரல் வைத்துத் தடவுகிறாளே, அதுதான். கையை எடு பெண்ணே.

எடுக்கவில்லை. நகத்தால் தடவிப் பார்க்கிறாள், "இது டீப்பா இருக்கே சார்" என்கிறாள், அவர் தலையை ஆட்டுகிறார், அதற்கும் வைத்திருக்கிறார் கதை, துரைசானிக்கு ஒரு குழந்தை தவறிப்போயிருக்கணும் மேடம், அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சல், கோத்தகிரி சர்ச்சில் ஒரு சின்னக் கல்லறை பார்த்தேன், பேர் அழிந்துபோயிருக்கு, அவங்க குழந்தையாத்தான் இருக்கணும். இந்தத் துணுக்கை மட்டும் என்னால் எப்போதும் கேட்க முடிவதில்லை, சமையலறைக்குப் போய்விடுவேன். இன்றைக்குத் தட்டோடு நிற்கிறேன், போகவில்லை. இந்தக் கீறலை முதலில் அவர் கண்டுபிடித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது, தொண்ணூற்றாறு, ஆயுதபூஜை லீவு, சாமானெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்தா, இங்க வா" என்று ஒரு குரல். தொலைந்தேன் என்றுதான் போனேன். கையில் இதே பூதக்கண்ணாடி, என் முகத்தைப் பார்க்கவில்லை, கீறலையே பார்த்துக்கொண்டு நின்றார், ரொம்ப நேரம். அப்புறம் சொன்னார், பாரு, நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பொம்பளை இங்க உட்கார்ந்து எத்தனை தவிச்சிருக்கா பாரு என்று. நான் ஆமாங்க என்றேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். தப்பித்தேன் என்று சிரித்தேன். எத்தனை நாள் சிரித்தேன் என்று நினைக்கிறீர்கள். ஒரு மாசம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவர் அந்த துரைசானிமேல் வைத்த பாசம் இருக்கிறதே. பேர் கண்டுபிடித்தார், பங்களாவின் பழைய வரிப்புத்தகத்தில் தேடி ஆக்னஸ் என்று எழுதி வந்தார். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், பாவம், பேச ஆளில்லை, புருஷன் திரும்பிப் பார்க்கவில்லை, இந்தக் கண்ணாடிதான் அவளுக்குத் துணை. சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஒரு தடவை பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் வந்து பேட்டி எடுத்தான், ஆக்னஸின் தனிமை என்று தலைப்புப் போட்டு அரைப்பக்கம் வந்தது, அவர் அதை லாமினேட் செய்து ஹாலில் மாட்டினார். அந்தப் பையனுக்கு நான்தான் கேசரி கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆக்னஸ்மேல் பொறாமை. செத்துச் சுண்ணாம்பானவள்மேல். என் முழங்கை, என் வளையல், என் மத்தியானம், ஆனால் பரிதாபம் அவளுக்கு. நான் ஜுரத்தில் படுத்தால் மாத்திரை மேசைமேல் இல்லாமல் ஜன்னல் விளிம்பில் இருக்கிறதா என்று பார்ப்பார். அவள் நூறு வருஷத்துக்கு முன்னால் பெருமூச்சு விட்டாளா என்று யோசித்து இவர் பெருமூச்சு விடுவார். ராத்திரி படுக்கையில் ஒரு நாள் கேட்டேன், ஏங்க, அந்த துரைசானி நிஜமாகவே அப்படித்தான் தவித்தாளா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. மரம் பொய் சொல்லாது என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சொல்லிவிடலாம். எத்தனை தடவை நாக்கு நுனிவரைக்கும் வந்திருக்கிறது. சொல்லாததற்குக் காரணம் பயம் என்று நினைத்தேன், அப்புறம் வயசாக ஆகப் பயம் போய்விட்டது, இப்போது எனக்கு அறுபத்தொன்று, எதற்குப் பயம். இரக்கம்தான். அதைச் சொன்னால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான். போன வருஷம் அவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் என்று ஒரு இரும்புச் சுருள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், வந்ததிலிருந்து இந்தச் சாமானுக்கெல்லாம் ஒரு நல்ல இடம் பார்க்கணும் என்று அதே நினைப்பு, தமயந்தி எனக்கு ஒன்றும் வேண்டாம்ப்பா என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள், மனுஷன் ரெண்டு நாள் பேசவில்லை. ஹோட்டல் அட்டையில் கீழே சின்னதாக ஏகாம்பரம் சேகரிப்பு என்று போடுவார்கள், அதுதான் அவருக்கு மிச்சம். நான் இப்போது போய் மேடம் அது என் தம்ளர் என்று சொன்னால் முப்பது வருஷக் கதையும் பொடிப்பொடி. லாமினேட் போட்ட பேப்பரைப் பார்த்து ஊரே சிரிக்கும். எழுபது வயசில் மனுஷனை அப்படி நிறுத்தணுமா. நிறுத்தணும் என்கிறது ஒரு மனசு. நிறுத்தினால்தான் என்ன என்கிறது. இன்னொரு மனசு, ஐயோ பாவம், தெரியாமல் செய்ததுதானே, தெரிந்தா செய்தார் என்கிறது. தெரியாமல் செய்தார், தெரியாமல் செய்தார். இதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன். இந்த மேசையை ஏற்றிக்கொண்டு போய் மலைமேல் வைப்பார்கள், தேனிலவுக்கு வந்த குட்டி எவளாவது அதன் முன்னால் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பாள், என் கீறலைத் தொட்டு ஆக்னஸ் பாவம் என்பாள். நான் இங்கே பீரோ கண்ணாடியில் ஸ்டிக்கரை விலக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பேன். அது போய்விட்டால் நான் எங்கே உட்கார்ந்தேன் என்பதற்கு இந்த வீட்டில் ஒரு தடயமும் கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் ஒருத்தி இங்கே இருந்தாள் என்று எதைக் காட்டுவேன். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டுவேனா. அதற்கும் வருஷா வருஷம் வெள்ளையடித்தாயிற்று.

மிருதுளாவுக்குப் போன் வருகிறது. ஹோட்டலிலிருந்து போலிருக்கிறது, சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போகிறாள், போகிறபோது என் தட்டிலிருந்து ஒரு காபியை எடுத்துக்கொண்டு "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்கிறாள், நல்ல பெண்தான். அறையில் நாங்கள் ரெண்டு பேர். அவர் மேசைக் காலுக்குக் கீழே தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார், முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார், கழுத்தெல்லாம் வேர்வை. நான் தட்டைத் தரையில் வைக்கிறேன். வைக்கிறபோதே சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவரிடம் மட்டும், அந்தப் பெண் எதிரில் இல்லை, அவரை யார் முன்னாலும் குறைக்க வேண்டாம், அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், தெரிந்தபின் அனுப்பட்டும், அனுப்பாமல் போகட்டும், அவர் இஷ்டம். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்கிறது. "ஏங்க. அது துரைசானி கீறல் இல்லீங்க. என் வளையல். நான்தான் மத்தியானத்துல உட்காருவேன்."

அவர் திரும்பவில்லை. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேல்பலகை ஓரத்தைத் துடைக்கிறார். அப்புறம், மின்சாரம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் பதில் சொல்கிற குரலில், "தெரியும்" என்கிறார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொல்கிறார். "வாங்கின அன்னிக்கு நான் எடுத்த போட்டோவுல ஒரு கீறல் கிடையாது. எனக்குத் தெரியாதா? அப்பவே தெரியும்." கைக்குட்டையை நாலாக மடிக்கிறார். "உன் பேரைப் போட்டா யார் எடுத்துட்டுப் போவா?"

தெரியும். அப்பவே என்றால் எப்போது. ஆயுதபூஜை அன்றைக்கா. இந்தா இங்க வா என்று கூப்பிட்டு என்னை நிற்கவைத்துப் பூதக்கண்ணாடியால் கீறலைப் பார்த்தாரே, அப்போதே தெரியுமா. எத்தனை தவிச்சிருக்கா பாரு என்றாரே. என்னிடம், என்னைப் பற்றி, எனக்கு எதிரிலேயே. சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தேனே, நான் அவரை ஏமாற்றிவிட்டதாக. அப்படியானால் பேச ஆளில்லை என்று சொன்னது என்னை. புருஷன் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னது தன்னை. அந்தச் சின்னக் கல்லறை, ஐயோ, அந்தச் சின்னக் கல்லறை, அதுவும் தெரிந்துதான் சொன்னாரா, எந்த மாசம் எந்தக் கீறல் என்று பார்த்துக்கொண்டே இருந்தாரா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டு ஆபீஸுக்குப் போன மனுஷன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக் குரல் தழுதழுத்தாரே, அந்தத் தழுதழுப்பில் ஒரு சொட்டு என் பக்கம் தெளித்திருக்கக்கூடாதா. ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, உட்காரு புனிதா, எழுந்திருக்காதே என்று சொல்லியிருக்கலாமே. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டாம், கதவோரம் நின்று சொல்லியிருந்தால் போதுமே. எனக்கென்று இந்த வீட்டில் ஒளித்து வைத்தது ஒன்றே ஒன்று, அதையும் பத்தொன்பது வருஷமாக இவர் பார்த்துக்கொண்டு, கீறல் வளரட்டும் என்று விட்டுவைத்து, ஒரு வெள்ளைக்காரி பேரை ஒட்டி விற்கக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தெரியாமல் செய்தார், தெரியாமல் செய்தார் என்று ஜபம் பண்ணினேனே. உன் புத்தியைச் செருப்பால் அடிக்கணும் புனிதவதி.

மிருதுளா திரும்பி வருகிறாள், காலித் தம்ளரோடு, முகமெல்லாம் சிரிப்பு. மேலே ஓகே சொல்லிட்டாங்க சார், ஆக்னஸ் ரூம்தான் எங்க பெரிய ரூமா இருக்கப்போகுது என்கிறாள். தாளைப் புரட்டுகிறாள். அட்டையில் போட வேண்டியதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று வாசிக்கிறாள், மகாகனி, மூன்று கண்ணாடி, கோத்தகிரி, புழங்கியவர் ஆக்னஸ் பெம்பர்ட்டன். சரிதானே சார். அவர் சரி என்று சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"சரியில்லை. புழங்கினது நான். என் பேர் புனிதவதி. தொண்ணூத்தி மூணுலேர்ந்து ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு வரைக்கும். அதை எழுதிக்கோம்மா."

கூச்சல் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன். தம்ளர், குங்குமம், வளையல், எல்லாம் சொன்னேன், எந்த வருஷம் என்ன வளையல் என்றுகூடச் சொன்னேன். மிருதுளா பேனாவைத் தாளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "சார்?" என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், ஆக்னஸுக்கு விடுகிற அதே பெருமூச்சு. தாழ்ந்த குரலில், எனக்குக் கேட்காது என்பது போல, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "கொஞ்ச நாளா இவளுக்கு ஞாபகம் சரியில்லை மேடம். கேட்டதையெல்லாம் தனக்கு நடந்ததுன்னு நினைச்சுக்கிறா" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் இளகிவிட்டது. என் பாட்டிக்கும் இப்படித்தான் சார் என்றாள். என் தோளைத் தொட்டு, உட்காருங்க ஆன்ட்டி, நிற்காதீங்க என்றாள். சுற்றிலும் பார்த்து, வேறு எதுவும் அகப்படாமல், மேசைக்கு அடியிலிருந்து நான் மத்தியானமெல்லாம் உட்கார்ந்த அந்த ஸ்டூலையே இழுத்துப் போட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வீட்டில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள். உட்கார்ந்தேன். உடம்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, இடது முழங்கை தானாக அந்த மங்கலில் போய் இறங்கியது, வலது கை மடங்கியது, வளையல் நழுவி அந்த ஆழமான கீறலுக்குள் விழுந்து நின்றது. கொஞ்சம்கூட அசையவில்லை. நடுக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், பக்கக் கண்ணாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தாள். என் முழங்கையை, வளையலை, கீறலை, மறுபடி வளையலை. வாய் கொஞ்சம் திறந்தது. எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு, சின்னப் பெண், கெட்டிக்காரி, இதுதானே அவள் வேலை. என் கண்ணைக் கண்ணாடியில் ஒரு தரம் சந்தித்தாள். அப்புறம் தாளைக் குனிந்து பார்த்து, ஆக்னஸ் பேர் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டாள்.

அவர் ஆட்களைக் கூப்பிட்டார். நாலு பேரும் கயிறும் கம்பளியுமாக வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், பீடி நாற்றம் அடிக்கிறது. "எழுந்திரு" என்கிறார். கோபமாக இல்லை. ஆட்கள் என்ன செய்வது என்று தெரியாமல் மிருதுளாவைப் பார்க்கிறார்கள், மிருதுளா ஜன்னலைப் பார்க்கிறாள். மறுபடி எழுந்திரு என்கிறார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன்.